புகார்ப் பெட்டியின் சாவி

கொரட்டூரிலிருந்து ரெட்டேரி, மாதவரம் வழியாக வடக்கே போனால் ஜி.என்.டி. சாலையில் புழல் சிறை. நம் பகுதியில் கைதாகிறவர்கள் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் அதுதான். கோயில், பள்ளி, தொழிற்பேட்டை என எல்லாவற்றுக்கும் வரலாறு எழுதும் விழா மலரில், அந்த மதிலுக்குள் இருக்கும் ஒருவர் தன் குறையை யாரிடம் சொல்ல முடிந்தது என்பதற்கும் ஓர் இடம் வேண்டும்.

புழல் வளாகம் 2006இல் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் எல்லாம் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, கூவத்தை ஒட்டியிருந்த பழைய மத்திய சிறைதான். 1837இல் கட்டப்பட்ட அந்தச் சிறையை 2009இல் இடித்துவிட்டார்கள்.

அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டிலேயே, சென்னைச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் நேராக உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக்கூடாது என்று தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு வாயைக் கட்டியிருந்தது. கோபாலனுக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் அந்த 14ஆம் பிரிவு செல்லாது என்று தீர்ப்பானது.

நீதிமன்றத்தின் கதவே அடைபட்டால் என்ன ஆகும் என்பதை நெருக்கடிநிலை காட்டியது. 1976 பிப்ரவரியில் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தின் கைதிகளாக அதே மத்திய சிறையில் இருந்த தி.மு.க.வினர் கடுமையாக அடிக்கப்பட்டார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு அடுத்த ஆண்டு ஜனவரியில் இறந்தார். உள்ளே முறையிடலாம் என்றால், முறையீட்டைக் கேட்க வேண்டியவர்களே அடித்தவர்களின் மேலதிகாரிகள். வெளியே போகலாம் என்றால், உயர் நீதிமன்ற வழியை 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே மூடிவிட்டது. நடந்தது என்ன என்பதை நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் ஆராய்ந்ததெல்லாம் ஆட்சி மாறிய பிறகுதான்.

திருப்பம் திகார் சிறையிலிருந்து வந்தது. மரண தண்டனைக் கைதி சுனில் பத்ரா, இன்னொரு கைதி சித்திரவதை செய்யப்பட்டதை ஒரு கடிதத்தில் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. கண்காணிப்பாளரிடம் சொன்னாயா, படிவம் நிரப்பினாயா என்று கேட்கவில்லை. 1979 டிசம்பர் தீர்ப்பு, சிறைகளில் குறைதீர்ப்புப் பெட்டி வைக்கச் சொன்னது. அதைத் திறக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சித் தலைவரிடமும் அமர்வு நீதிபதியிடமும் கொடுத்தது. இந்த வரலாற்றில் மிகப் பெரிய சீர்திருத்தம் இதுவே என்பேன். சிறைக்குள் இருக்கும் பெட்டிக்குச் சாவி சிறைக்கு வெளியே.

ஆணை வேறு, நடப்பு வேறு. பெங்களூர் மத்திய சிறைக் கைதி ஒருவரின் கடிதத்தில் தொடங்கிய ராமமூர்த்தி வழக்கில், 1996 டிசம்பரில், எல்லாச் சிறைகளிலும் புகார்ப் பெட்டி வைப்பதைப் பற்றி யோசியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல நேர்ந்தது. இடையில் ஓடியவை 17 ஆண்டுகள். 1999 நவம்பரில் சென்னை மத்திய சிறையில் ஒரு கைதியின் மரணத்தையொட்டிக் கலவரம் வெடித்தது. துணை ஜெயிலர் ஒருவர் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகளும் செத்தார்கள். சந்தேகத்தை நம்பிக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இல்லாத சிறையில் வதந்திதான் நீதிபதியாகிவிடுகிறது.

அதே 1996இல் அமெரிக்கா எதிர்த்திசையில் நடந்தது. சிறையின் குறைதீர்ப்புப் படிகள் அத்தனையும் ஏறி முடிக்காத கைதி, சிறை நிலைமை குறித்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்று அங்கே சட்டம் வந்தது. வீண் வழக்குகள் குவிகின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் கவலையை நான் ஒதுக்கவில்லை. சோறு, மருந்து போன்ற குறைகளை உள்ளேயே நாலு நாளில் தீர்த்தால் கைதிக்கும் நல்லது. ஆனால் 2006இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், கெடு தவறி உள்முறையீடு கொடுத்த கைதிக்கு நீதிமன்றக் கதவும் மூடும் என்றது. கெடுவை வகுத்தது சிறை நிர்வாகம். எதிர்வாதியே வாதிக்குக் கெடு வைப்பது எப்படி நியாயம்? 2016இல்தான், பெயருக்கு மட்டும் இருக்கும் முறையைக் கைதி கடக்க வேண்டியதில்லை என்று அந்த நீதிமன்றம் தெளிவாக்கியது.

நம் நாட்டிலும் அரசின் மீது உரிமையியல் வழக்குப் போட 2 மாத முன்னறிவிப்பு வேண்டும், அவசரமென்றால் விலக்குண்டு. மாற்று வழியை முதலில் நாடு என்று உயர் நீதிமன்றங்களும் சொல்வதுண்டு. அடிப்படை உரிமை மீறப்பட்டால் அது தடையாகாது. அதன் அருமை 2024இல் தெரிந்தது. வேலூர் சிறை ஆயுள் கைதி ஒருவரை உயரதிகாரி வீட்டு வேலைக்குப் பயன்படுத்திச் சித்திரவதை செய்ததாக அந்தக் கைதியின் தாய் நேராகச் சென்னை உயர் நீதிமன்றம் போனார். நீதித்துறை விசாரணை நடந்தது. சிறை அதிகாரிகள் மீதே சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது. முதலில் சிறை நிர்வாகத்திடம் முறையிட்டுவிட்டு வா என்று அந்தத் தாயைத் திருப்பி அனுப்பியிருந்தால்?

நம் தெருவிலிருந்தும் புழலுக்கு 'மனு' பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, போகிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. அழைக்க வேண்டிய கட்டணமில்லா எண் 15100.