வேலை வகுத்த இனங்கள்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் வாழ்வு கடலையும் வயலையும் நம்பியது. கதிர் முற்றும் பருவத்தில் வட்டைக்குச் சென்று வாடியில் இராத்தங்கும் உழவனுக்குக் காட்டுப் பன்றியே பெரும் பகை. அவனருகே செவியைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் நாய் அழகுக்காக வந்ததன்று, காவலுக்காக வந்தது.

முஸ்லிம் இல்லங்களில் நாய் வளர்ப்பது வழக்கமன்று. ஆயினும் வேட்டைக்கும், மந்தைக்கும், விளைநிலத்துக்கும் நாய் வைத்திருப்பதற்கு நபிமொழி இடமளித்திருக்கிறது. பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணிகளைப் பற்றித் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் பேசுகிறது. ஆகவே எந்த நாய் என்று ஆராயுமுன், அதற்கு என்ன வேலை என்ற வினா இம்மக்களிடையே முந்திக்கொள்கிறது. அவ்வினா எத்துணைப் பொருத்தமானது என்பதைத் தென் தமிழ்நாட்டின் இரு நாயினங்களுடைய வரலாறு விளக்கும்.

அவ்விரண்டு இனங்களும் தத்தம் ஊர்ப் பெயராலேயே வழங்குகின்றன. ஒன்று இராஜபாளையம், மற்றொன்று சிப்பிப்பாறை. இரண்டும் ஓயாத சுறுசுறுப்புடையவை. இரண்டும் வெப்பம் தாங்குபவை. ஆனால் இரண்டையும் வடித்த வேலை வேறு. பால் வெண்மை நிறமும், இளஞ்சிவப்பு மூக்கும், உயர்ந்த உடற்கட்டும் கொண்ட இராஜபாளையம் நாய், வீட்டையும் தோட்டத்தையும் காத்தது. பன்றி வேட்டைக்கும் சென்றது. தலைவன் ஒருவனிடம் உயிரையே வைக்கும். அயலாரை எளிதில் நெருங்கவிடாது. சிப்பிப்பாறையோ ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களும் உடையது. மோப்பத்தைவிடக் கண்ணையே நம்பி, திறந்த வெளியில் முயலைத் துரத்தப் பிறந்தது. அரபு நாட்டுச் சலூக்கி நாயும் இவ்வாறே கண்ணால் வேட்டையாடும் வகையைச் சேர்ந்தது.

வேலை மறைந்தபோது இவ்வினங்களுக்கு என்ன நேர்ந்தது? 1972ஆம் ஆண்டில் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுயிர்களைக் காப்பதற்கு அது இன்றியமையாதது. எனினும் வேட்டை நாயின் பழைய தொழிலுக்கு அதன் பின் இடமில்லாமற் போயிற்று. காவல் நாய்க்கு வேறொரு கேடு வந்தது. வெண்மையே சிறப்பு என்று நிறத்தை மட்டும் தேர்ந்து இனம் பெருக்கியதால், பிறவியிலேயே செவிடான குட்டிகள் தோன்றின. காலடி ஓசை கேளாத காவலனால் யாது பயன்? 2005ஆம் ஆண்டில் இராஜபாளையம் நாயின் உருவம் இந்திய அஞ்சல் தலையில் இடம் பெற்றது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் பிரதமர் தம் வானொலி உரையில் இவ்விரு இனங்களையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். புகழ் நல்லதுதான், ஆனால் புகழைக் கேட்டு நாய் வாங்குவோர், அதன் வேலையையும் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டில் ஒன்றைத் தேர்வோர்க்கு இவ்வரலாறே வழிகாட்டி. சுற்றிலும் வேலியுள்ள தோட்டமும், நாள்தோறும் உடனிருந்து பழக்கும் தலைவனும் உள்ள இடத்துக்கு இராஜபாளையம் ஏற்றது. குட்டியை வாங்குமுன் அதன் பின்னே நின்று கைதட்டிப் பார்த்தால் செவிப்புலன் ஓரளவு தெரியும். காலையும் மாலையும் ஓடவிடப் பரந்த வெளியும், உடன் ஓடும் கால்களும் உள்ளவர்க்குச் சிப்பிப்பாறை பொருந்தும். சுவரோடு சுவர் ஒட்டிய நெருக்கமான கடற்கரைத் தெருக்களில் இரண்டுமே துன்புறும். அடைத்து வைத்த நாய் அண்டை வீட்டாரின் உறக்கத்தையும் கெடுக்கும்.

அடங்காத நாயைச் சந்தியிலே கொண்டுபோய் விடுவது அதனினும் தீது. இலங்கையில் விசர்நாய் நோயைத் தடுக்க 1893ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவு செய்ய 1901ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. வளர்ப்பவனின் பொறுப்பு வீட்டு வாசலோடு முடிவதில்லை என்பதையே அவை உணர்த்தின. தடுப்பூசி போடாது தெருவில் விடப்பட்ட நாய், பள்ளிக்குச் செல்லும் பாலகனுக்கும் ஆபத்தாகலாம்.

வாடியில் உழவனோடு விழித்திருக்கும் நாட்டு நாய்க்கு ஊர்ப் பெயரும் இல்லை, அஞ்சல் தலையும் இல்லை. ஆனால் அதற்குச் செய்ய ஒரு வேலையும், உண்ண ஒரு கவளமும், திரும்பி வர ஓர் இடமும் உண்டு. இம்மூன்றையும் தர இயலாதவர் எந்த இனத்தையும் தேராதிருப்பதே அறம்.