மேசைப் போர்க்களமும் மாறிய விதிகளும்

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது ஒரு வீட்டு வழக்கம். ஐந்து விழுந்தாலும் இறங்கலாம் என்பது அடுத்த வீட்டு வழக்கம். பல்லாங்குழியிலும் ஊருக்கு ஊர் முறை வேறு. ஆடத் தொடங்குமுன் ‘உங்கள் வீட்டில் எப்படி?’ என்று கேட்டுக்கொள்வதே நம் மரபு. அவ்வாட்டங்களுக்கு ஆசிரியரும் இலர், பதிப்பாளரும் இலர். ஆடியோரே விதியைக் காத்தனர், ஆடியோரே மாற்றினர். ஆனால், ஓர் ஆட்டத்தின் விதிநூலுக்கு ஆசிரியரும், அதனை அச்சிட்டு விற்க ஒரு நிறுவனமும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பும் உண்டென்றால், அங்கே விதி யாருடையது? எழுதியவருடையதா, விற்பவருடையதா, ஆடுபவருடையதா? சிற்றுருவப் படைகளை மேசைமேல் நிறுத்தி ஆடும் ஐரோப்பியப் போர் விளையாட்டின் வரலாறு இவ்வினாவைச் சுற்றியே சுழல்கிறது.

யாப்பு வேண்டுமா, வேண்டாவா என்று விடிய விடிய வாதிட்டுப் பழகியவர்கள் நாம். விதியைப் பற்றிய இன்னொரு கூட்டத்தாரின் வாதம் நமக்கு அயலாகத் தோன்றாது.

பிரஷ்யாவில் தொடங்கிய வழக்கு

1812ஆம் ஆண்டில் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் என்பார் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்திற்கு ஒரு மேசையைச் செய்தளித்தார். ஆறும் ஊரும் குன்றும் தனித்தனித் துண்டுகளாகச் செய்யப்பட்டிருந்தன. அவற்றை வேண்டியவாறு அடுக்கிப் போர்க்களத்தை அமைத்துக்கொள்ளலாம். படை அதிகாரியாகிய அவர் மகன், 1824இல் அவ்வாட்டத்தை வரைபடத்தின்மேல் ஆடத்தக்கதாக மாற்றி விதிநூலொன்றை வெளியிட்டார். இரு பக்கத்தாரின் ஆணைகளையும் நடுவர் பெற்று நடத்துவார். இழப்புகளைப் பகடையும் அட்டவணையும் முடிவு செய்யும். படைத்துறைத் தலைமை அதிகாரி மியூஃப்ளிங் அதனைக் கண்டு வியந்து, படைகளுக்கெல்லாம் பரிந்துரைத்தார்.

அரை நூற்றாண்டு கழிந்ததும் முணுமுணுப்பு எழுந்தது. 1873இல் மெக்கெல் என்னும் அதிகாரி, விதிகள் நடுவரின் கைகளைக் கட்டிப்போடுகின்றன, ஆட்டம் மந்தமாகிறது என்று குறை கூறினார். 1876இல் வெர்டி து வெர்ன்வா இன்னும் ஒருபடி மேலே சென்று, அட்டவணையையும் பகடையையும் விலக்கிப் போரறிந்த நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். இறுகிய விதியாட்டம், தளர்ந்த விதியாட்டம் என இரு நெறிகள் அன்றே பிரிந்தன. விதி பெருகினால் ஆட்டம் நோயுறும் என்பது ஒரு கட்சி. விதி குறைந்தால் தீர்ப்பவனின் மனப்போக்கே விதியாகிவிடும் என்பது மறு கட்சி. பின்னாளில் எழுந்த வாதங்களெல்லாம் இவ்விரண்டின் மறுபிறப்பே எனலாம்.

வெல்ஸின் தரைக்களம்

படைப்பள்ளியிலிருந்த ஆட்டத்தை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் எச். ஜி. வெல்ஸ். 1913இல் அவர் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் சிறுநூலில், பொம்மை வீரர்களையும் வில்விசையால் குண்டு எறியும் பொம்மைப் பீரங்கியையும் கொண்டு ஆடும் முறையை விளக்கினார். விதிகளை மட்டும் சொல்லாமல், அவை உருவான கதையையும் அவர் சொன்னது நமக்குப் பயன்படுகிறது. கைகலப்பின் முடிவை முதலில் நாணயம் சுண்டித் தீர்த்தனர். குருட்டு வாய்ப்பு மிஞ்சியது கண்டு அதனைக் கைவிட்டனர். நெடுநேரம் சிந்தித்து எதிரியைச் சோர்வுறச் செய்வோரைத் தடுக்கக் காலவரம்பு வைத்தனர்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. விதியை எழுதியோரும் ஆடியோரும் அதனால் துன்புற்றோரும் ஒரே அறையிலிருந்த ஒரே நண்பர்கள். காலையில் பிழைபட்ட விதி மாலையில் திருந்தியது. விலைக்கு விற்கப்படாத விதியாதலின் அதனை மாற்ற யாருடைய இசைவும் வேண்டியிருக்கவில்லை.

விலைக்கு வந்த விதிநூல்

1983இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் ‘வார்ஹாமர்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. பிரையன் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி ஆகிய மூவர் அதன் ஆசிரியர்கள். மனிதர், குள்ளர், பூதர் எனக் கற்பனை இனங்களின் படைகள் மோதும் ஆட்டம் அது. 1984, 1987, 1992, 1996, 2000, 2006, 2010 என அதற்கு எட்டுப் பதிப்புகள் வந்தன.

இவ்வாட்டத்தில் விதிநூலைக் காட்டிலும் விலையுயர்ந்தது படை. ஆட்டக்காரர் உருவங்களைத் தனித்தனியே வாங்கி, ஒட்டி, நுண்தூரிகையால் வண்ணம் தீட்டி, சதுர அடித்தட்டில் நிறுத்துகிறார். ஒரு படை நிறைவுற மாதங்களாகும், சிலர்க்கு ஆண்டுகளாகும். அந்தச் சதுரத்தட்டுகள் பக்கத்தோடு பக்கம் பொருந்தி அணிவகுப்பாகும். ஒவ்வோர் உருவத்திற்கும் மதிப்புப் புள்ளி உண்டு. இருவரும் 2,000 புள்ளி என்று பேசிக்கொண்டால், ஒருவர் சில வலிய வீரர்களையும் மற்றவர் எளியோர் பெருங்கூட்டத்தையும் கொண்டுவரலாம்; போர் ஏறக்குறைய நிகராகும். முன்பின் அறியாத இருவர் ஓர் ஊரில் சந்தித்து உடனே ஆட முடிந்தது இப்புள்ளிகளால்தான். எனவே புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மாறுவது வெறும் தாளன்று. ஒருவர் கண்விழித்துச் செய்த படையின் வலிமையும் மாறிவிடுகிறது.

அளந்து பார்க்கலாமா?

2010இல் வந்த எட்டாம் பதிப்பு பெரும் வாதத்தைக் கிளப்பியது. முன்னைப் பதிப்பில், தாக்குவதாக அறிவிக்குமுன் தொலைவை அளக்கலாகாது. நான்கு அங்குலம் நடக்கும் காலாள் எட்டு அங்குலம் பாய்ந்து தாக்குவான். பகைவன் அந்த எட்டுக்குள் இருக்கிறானா என்பதைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். மதிப்பீடு தவறினால் படை பாதித் தொலைவில் நின்று, எதிர்த்தாக்குதலுக்கு இரையாகும். புதிய பதிப்பு, எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம் என்றது. அதற்கு ஈடாக, பாயும் தொலைவைப் பகடையிடம் ஒப்படைத்தது: நடையோடு இரு பகடைகளின் கூட்டுத்தொகை. எட்டு என்று உறுதியாயிருந்த பாய்ச்சல், ஆறிலிருந்து பதினாறு வரை எதுவாகவும் ஆயிற்று.

பழைய ஆட்டக்காரர் பொங்கினர். பல ஆண்டுப் பயிற்சியால் கைவந்த கண்ணளவு ஒரே நாளில் பயனற்றுப் போயிற்று; திறமையிருந்த இடத்தில் வாய்ப்பை உட்கார வைத்துவிட்டனர் என்றனர். மறுகட்சியார் கூறியதும் புறந்தள்ளத்தக்கதன்று. கண்ணளவு போர்த்திறமன்று, அது தச்சனின் திறம். அங்குலத்தின் நூலிழையில் படைகளை நிறுத்தி எதிரியை அணுகவிடாமல் ஆடும் தந்திரம் ஒழிந்தது நன்று. தளபதிக்கு எதுவும் உறுதியில்லை என்பதே போரின் உண்மை என்றனர். வரிசைக்குப் பத்துப் பேராக நிற்கும் பெருங்கூட்டத்திற்குப் புதிய சலுகை தந்த விதியைப் பற்றியும் பேச்செழுந்தது. இது களத்திற்காக எழுதிய விதியா, கடைக்காக எழுதிய விதியா என்று வினவினர். எனினும் புள்ளிகள் இருந்தன, சதுரத்தட்டு இருந்தது, அவர்கள் அறிந்த உலகம் இருந்தது. முணுமுணுத்தவாறே பலரும் ஆடினர்.

புள்ளியற்ற போர்

2014இலும் 2015இலும் நிறுவனம் வெளியிட்ட கதைநூல்கள் அவ்வுலகையே அழித்து முடித்தன. 2015 ஜூலையில் ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ என்னும் புதிய ஆட்டம் வந்தது. பெருநூலாயிருந்த விதிகள் நான்கு பக்கமாகச் சுருங்கின, விலையும் இல்லை. சதுரத்தட்டு போய் வட்டத்தட்டு வந்தது. அளவை அடித்தட்டிலிருந்து எடாமல், உருவத்தின் நுனியிலிருந்து எடுக்க வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, மதிப்புப் புள்ளிகளே நீக்கப்பட்டன. விரும்பியவர் விரும்பியதை நிறுத்தலாம். ஒருவர் படை எண்ணிக்கையில் மூன்றிலொரு பங்கு மிகுந்தால், சிறிய படைக்குத் தனி வெற்றிவழி ஒன்றுண்டு, அவ்வளவே. பத்துப் பூதக்குஞ்சுகளும் பத்துப் பறவைநாகங்களும் அக்கணக்கில் ஒன்று.

பழைய உருவங்களுக்கும் விதி தந்தனர். அவற்றுள் சில வேடிக்கை விதிகள். ஒரு தளபதியை ஆள்பவருக்கு எதிரியைவிடச் சிறந்த மீசை இருந்தால், தவறிய பகடையை மறுபடி உருட்டலாம். நிறுவனம் இதனை நகைச்சுவையென்று எண்ணியது. தாம் இருபது முப்பது ஆண்டு போற்றியதை எள்ளி வழியனுப்புவதாக முதியோர் பலர் கொண்டனர். ஓர் ஆட்டக்காரர் தாம் வண்ணம் தீட்டிய படை முழுவதையும் தீயிலிட்டு, அதனைப் படம்பிடித்தும் காட்டினார். சினத்தின் மிகையென்று அதனைத் தள்ளலாம். ஆயினும் எரிந்தது அவருடைய இரவுகள் என்பதையும் நினைக்க வேண்டும்.

புதியதை வரவேற்றோரும் இருந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட உருவங்களும் தடித்த விதிநூலும் இல்லாமல் ஆட முடியாதென்றால் இளையோர் எப்படி வருவர்? பத்து உருவங்களோடு, ஒரு மாலையில் கற்று ஆடலாம் என்பது பெரும்பேறன்றோ? சமநிலையைப் புள்ளி தரவேண்டியதில்லை, ஆடும் இருவர் மனமொத்துப் பேசினால் போதும் என்றனர். வெல்ஸின் அறையில் நின்று கேட்டால் இவ்வாதம் முழுதும் சரி. ஆனால் மனமொத்துப் பேசுதல் நண்பர்க்கு எளிது, அயலாருக்கு அரிது. போட்டிக்கு வந்த நூறுபேர் ஒவ்வொருவரோடும் பேரம் பேசிக்கொண்டிருக்க இயலுமோ? புள்ளி என்பது கணக்கு மட்டுமன்று. அறிமுகமில்லாத இருவரிடையே அது பேசாத நம்பிக்கை.

ஆடியோர் எழுதிய விதி

பின்னர் நடந்தது வரலாற்றில் கருதத்தக்கது. ஒரு பகுதியார் பழைய ஆட்டத்தைத் தாமே தொடர முனைந்து, ‘ஒன்பதாம் யுகம்’ எனப் பொருள்படும் பெயரில் விதிநூலை எழுதினர்; எட்டுப் பதிப்போடு நின்றதற்கு ஒன்பதாவது என்பது அப்பெயரின் குறிப்பு. புதிய ஆட்டத்தை ஏற்ற பகுதியாரும் சும்மா இருக்கவில்லை. போட்டி நடத்துவோர் தாமே புள்ளிகளை வகுத்து, ஆடிப் பார்த்துத் திருத்தினர். நிறுவனம் இறுதியில் செவிசாய்த்தது. அத்தகையோர் சிலரைக் கலந்துகொண்டு 2016 ஜூலையில் ‘ஜெனரல்ஸ் ஹேண்ட்புக்’ என்னும் கையேட்டை வெளியிட்டது. கட்டற்ற ஆட்டம், கதையாட்டம், நிகர்ப்போட்டி என மூன்று வழிகளை அது வகுத்தது. புள்ளிகளை நீக்கிய ஓராண்டிலேயே அவை மீண்டன. தளர்ந்த விதியும் இறுகிய விதியும் ஒரே நூலில் அடுத்தடுத்து அமர்ந்தன; பிரஷ்யாவில் பிரிந்த இரு நெறிகள் அங்கே சமரசமாயின.

2024 ஜனவரியில் நிறுவனம் ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ என்னும் பெயரில் பழைய உலகையும், சதுரத்தட்டையும், அணிவகுப்பையும் மீட்டு வெளியிட்டது. ஏஜ் ஆஃப் சிக்மாரும் தன் வழியில் பதிப்புப் பல கண்டு நிலைத்துவிட்டது. எரித்தவரின் படைக்கு மட்டும் மீட்சியில்லை.

நிறைவாக

இவ்வரலாற்றை ‘பழமை வென்றது’ என்று படிப்பது பிழை. நான்கு பக்க விதியால் வந்த இளையோர் இன்றும் ஆடுகின்றனர். ‘புதுமை வென்றது’ என்பதும் பிழை. இரு கட்சியாரும் உண்மையில் காக்க முயன்றது ஒன்றே: எதிரே அமர்ந்திருப்பவன் நம்மை ஏமாற்றமாட்டான் என்னும் உறுதி. ஒருவருக்கு அது எழுதிய எண்ணில் இருந்தது. மற்றவருக்கு அது நண்பனின் முகத்தில் இருந்தது. எழுதியவர் விதியைத் தொடங்கி வைக்கலாம். விற்பவர் அதனை நிறுத்திவிடவும் கூடும். ஆனால் இருவர் எதிரெதிரே அமர்ந்து ‘ஆம்’ என்று ஒப்பினாலன்றி அது விதியாவதில்லை.

தளையும் சீரும் எண்ணிப் பாடுவோரும், எண்ணாது எழுதுவோரும் ஒரே அரங்கில் அமரும் கூட்டம் நம்முடையது. பத்தாண்டு அமர்ந்துவிட்டோம். நம்முடைய படைகளை நாம் தீயிலிடவில்லை என்பதே இம்மலரில் பதியத்தக்க செய்தி.