பொழுதுக்கு ஒரு பாட்டு

வருஷத்திலேயே நீளமான இரவு டிசம்பர் 21 அல்லது 22-ஆம் தேதி வருகிறது. அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் அந்த இரவை ஒட்டி ஒரு கச்சேரி நடத்தி வந்தார்கள். ஆரம்பித்தது 1980-ல். நடந்த இடம் செயின்ட் ஜான் தி டிவைன் என்ற தேவாலயம். 600 அடி நீளமுள்ள கட்டடம். 1892-ல் கட்டத் தொடங்கி, நூறு வருஷம் தாண்டியும் முழுதாக முடியாதது. நம்மூர்க் கோயில்களில் நின்றுபோன மொட்டைக் கோபுரங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

கச்சேரியை நடத்தியவர் பால் விண்டர் என்ற சாக்ஸபோன் கலைஞர். 1939-ல் பிறந்தவர். இருட்டில் மெதுவாகத் தொடங்கும் வாசிப்பு, உச்சத்தை நெருங்கும்போது ஒரு பெரிய சேகண்டியையும் அதை அடிப்பவரையும் சேர்த்துக் கூரையை நோக்கி உயரத் தூக்குவார்கள். சூரியன் திரும்பி வருகிறான் என்பதற்கு அது அடையாளம். அதன்பிறகு வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து கொட்டும். ஆப்பிரிக்க மேளம், பிரேசில் நாட்டுத் தாளம், மேலைநாட்டு செல்லோ, ஆர்கன், சாக்ஸபோன் எல்லாம் ஒரே மேடையில்.

இப்படிப் பல நாட்டு வாத்தியங்கள் கலந்து வந்தால் 'உலக இசை' என்கிறார்கள். இந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. 1987-ல் லண்டனில் சில இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் கூடினார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, தென்னமெரிக்கா என்று வரும் தட்டுகளைக் கடைக்காரர் எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறாரே, அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று பேசி வைத்த பெயர்தான் அது. ஜாஸ் அதைவிடப் பழையது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடமிருந்து சுமார் 120 வருஷத்துக்கு முன் கிளம்பியது. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, மேடையில் நின்றபடியே அவரவர் கற்பனைக்கு ஏற்ப விரித்து வாசிப்பது. நம் வித்வான்கள் மனோதர்மம் என்கிறார்களே, ஏறக்குறைய அதுதான்.

பால் விண்டர் முதலில் சாதாரண ஜாஸ்காரராகத்தான் இருந்தார். 1962-ல் அவருடைய குழு வெள்ளை மாளிகையில் வாசித்தது. அங்கே நடந்த முதல் ஜாஸ் கச்சேரி அது. சில வருஷம் கழித்து, கடலுக்கடியில் பதிவு செய்த திமிங்கிலங்களின் குரலைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அது அவரைத் திருப்பிவிட்டது. 1978-ல் வந்த அவருடைய இசைத்தட்டில் திமிங்கிலம், ஓநாய், கழுகு ஆகியவற்றின் குரலோடு சேர்ந்து சாக்ஸபோன் ஒலித்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் டிசம்பர் கச்சேரி. பிறகு 1996-ல் இன்னொன்றையும் சேர்த்தார். ஜூன் மாதத்தில் பகல் மிக நீளமாக இருக்கும் நாளை ஒட்டி, விடியற்காலை நாலரை மணிக்குக் கச்சேரி. ஜனங்கள் இருட்டில் வந்து உட்காருவார்கள். வாசிக்க வாசிக்கக் கிழக்கு வெளுத்து, தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகத் துலங்கும்.

அவருடைய குழுவில் ஆரம்ப நாட்களில் காலின் வால்காட் என்று ஒருவர் இருந்தார். ரவிசங்கரிடம் சிதாரும் அல்லா ராக்காவிடம் தபலாவும் கற்றவர். ஆக, நம் நாட்டு வாசனை அந்தக் குழுவுக்கு முன்னரே எட்டியிருந்தது.

அதே காலத்தில் நம் பக்கத்துக் கலைஞர்களும் ஜாஸ் மேடைக்குப் போனார்கள். ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேய கிதார் கலைஞர், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோர் சேர்ந்த 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டு 1976-ல் வந்தது. 1977-ல் வந்த மூன்றாவது தட்டுக்கு அவர்கள் வைத்த பெயருக்கு 'இயற்கையின் மூலகங்கள்' என்று பொருள். அந்தப் பெயர் கடத்துக்கு எவ்வளவு பொருத்தம்! மண்ணைக் குழைத்து, தண்ணீர் விட்டு, காற்றில் உலர்த்தி, நெருப்பில் சுட்டு எடுப்பது அது. 1992-ல் உலக இசைக்கென்று முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கிராமி விருதுத் தட்டில் விநாயக்ராமின் கடமும் ஒலித்தது. 2024-ல் சக்தி குழு கிராமி வாங்கியபோது அவருடைய மகன் செல்வகணேஷ் அந்த மேடையில் இருந்தார்.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸபோன்காரர் 1960-களில் கோலாலம்பூரில் நாகசுரம் கேட்டு மயங்கி, பிற்பாடு அதைக் கற்றுக்கொண்டு ஜாஸ் மேடையில் வாசித்தார். நம் கத்ரி கோபால்நாத்தோ சாக்ஸபோனில் தியாகராஜர் கிருதிகளை வாசித்தார். 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டி என்ற அமெரிக்கருடன் சேர்ந்து வாசித்த பிறகுதான் அவர் பெயர் உலகத்துக்குத் தெரிய வந்தது.

இதெல்லாம் சரி. ஆனால் பால் விண்டர் செய்ததில் ஒரு தனி விஷயம் இருக்கிறது. அவர் கச்சேரியை ஒரு பொழுதோடு கட்டிப்போட்டார். அந்த இரவில், அந்த விடியலில் வந்து உட்கார்ந்தால்தான் அதற்கு அர்த்தம். நமக்கு இது புதிதா என்று யோசித்தால், நம் இலக்கணமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தொல்காப்பியம் திணைகளுக்குப் பெரும்பொழுதும் சிறுபொழுதும் வைக்கிறது. முல்லைக்குக் கார்காலமும் மாலையும். குறிஞ்சிக்குக் கூதிரும் நள்ளிரவும். மருதத்துக்கு விடியல். அதோடு விடவில்லை. அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, மரம், பறவை என்று அடுக்கும் வரிசையிலேயே பறையும் யாழும் வருகின்றன. மாடு மேய்க்கும் முல்லைக்கு ஏறுகோட்பறை, மலைக்குத் தொண்டகப்பறை, கடற்கரைக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று உரைகாரர்கள் பெயர் சொல்கிறார்கள். பாட்டை நிலத்திலிருந்தும் நேரத்திலிருந்தும் தனியே பிரித்து அவர்கள் நினைக்கவில்லை.

தேவாரப் பண்களும் அப்படித்தான். பகற்பண், இரவுப்பண், பொதுப்பண் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கோயில் நாகசுரத்துக்கும் நேரக்கணக்கு உண்டு. விடியலில் பூபாளம், பௌளி. காலை ஏறினால் பிலஹரி. உச்சிப்பொழுதில் மத்தியமாவதி. மாலையில் பூர்விகல்யாணி. பள்ளியறைக்கு நீலாம்பரி. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் கடிகாரம் இருந்த வீடுகள் இரண்டோ மூன்றோ. கோயிலில் மேளம் கேட்டால் பெண்கள் எழுந்து சாணம் தெளிப்பார்கள். ராகத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. பொழுது மட்டும் தெரியும்.

அவர்களுடைய பருவமும் நம்முடைய பருவமும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் டிசம்பர் பகல் சுமார் ஒன்பதே கால் மணி நேரம், ஜூன் பகல் பதினைந்து மணி நேரம். கிட்டத்தட்ட ஆறு மணி நேர வித்தியாசம். சூரியனைக் கொண்டாட அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. விழுப்புரத்தில் குறைந்த பகலுக்கும் நீண்ட பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. நமக்குக் குறைவது வெளிச்சம் அல்ல, தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பினால் தை மாதம் நெல். நிரம்பாவிட்டால் வேர்க்கடலையாவது தேறுமா என்ற கவலை. அதனால் நம் பருவப்பாட்டு மழையைச் சுற்றியே இருக்கிறது. சம்பந்தர் மேகராகக்குறிஞ்சி என்ற பண்ணில் பாடிய ஏழு பதிகங்களை மழை வேண்டி ஓதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 2019 கோடையில் மழையில்லாமல் தவித்தபோது, கோயில்களில் அந்தப் பதிகங்களை ஓதவும், நாகசுரம், வயலின், புல்லாங்குழல், வீணையில் அமிர்தவர்ஷினி முதலான ராகங்களை வாசிக்கவும் அறநிலையத்துறை சுற்றறிக்கை அனுப்பியது. பாட்டுக்கு மழை வருமா என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது. இதற்கென்று ஒரு பண், இதற்கென்று ஒரு ராகம் என்று அரசாங்கக் கடிதத்தில் எழுதும் அளவுக்கு நம்மிடம் அது இன்னும் மிச்சம் இருக்கிறதே!

அறுவடை முடிந்தால் தெருக்கூத்து. நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் பங்குனி, சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை கூத்து. அதுவும் பொழுதோடு கட்டிய கலைதான். வயலில் வேலை ஓய்ந்த மாதத்தில், வெயில் தணிந்த இரவில், மழை வராத காலத்தில்.

சென்னை டிசம்பர் சீசனும் மார்கழியில்தானே நடக்கிறது என்று கேட்கலாம். அதன் வரலாறு வேறு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதையொட்டி ஓர் இசை மாநாடு. அதிலிருந்து 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. அதன்பின் டிசம்பர் நிலைத்துவிட்டது. கச்சேரிகள் உயர்ந்தவை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் குளிரூட்டிய அரங்கத்துக்குள் மாலை ஆறரை மணிக்கு உட்கார்ந்தால், வெளியே மார்கழியா சித்திரையா என்று யார் கண்டார்கள்?

நம் மாவட்டத்திலேயே புதிதாக உண்டான ஓர் உதாரணமும் இருக்கிறது. ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கப்பட்டது. அந்தத் தேதியில் ஒவ்வொரு வருஷமும் விடியுமுன் திறந்தவெளி அரங்கில் நெருப்பு மூட்டி, பேச்சில்லாமல் சுற்றி உட்கார்ந்து சூரியன் வரும்வரை இருக்கிறார்கள். பல நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்களுக்கென்று ஒரு விடியலை உண்டாக்கிக்கொண்டார்கள்.

உண்டாக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. முண்டியம்பாக்கத்துக்குப் பக்கத்துப் பனையபுரத்தில் பனங்காட்டீசர் கோயில் இருக்கிறது. தேவாரத்தில் அதன் பெயர் திருப்புறவார் பனங்காட்டூர். புறவு என்றால் புறா. சிபிச் சக்கரவர்த்தி கதையை இந்தத் தலத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். புறவு என்றால் முல்லைநிலம் என்றும் பொருள் உண்டு. சித்திரை மாதம் முதல் ஏழு நாட்கள் காலைச் சூரியனின் கதிர் முதலில் இறைவன் மேலும் பிறகு அம்மன் மேலும் விழும் என்பது இந்தக் கோயிலின் சிறப்பு. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இங்கே பாடிய பதிகம் சீகாமரம் என்ற பண்ணில் அமைந்தது. இப்போது அதை நாதநாமக்கிரியை ராகத்தில் பாடுகிறார்கள். சூரியன் வழிபடும் தலத்துக்கு அமைந்த இந்தப் பண், பண் வரிசையில் இரவுப்பண்!

இன்று பெரும்பாலான சிறு கோயில்களில் என்ன கேட்கிறோம்? சுவிட்சைப் போட்டால் தானாகவே மேளமும் மணியும் அடிக்கும் மின்சார இயந்திரம். அதற்குக் காலை, மாலை தெரியாது. பூபாளமும் இல்லை, நீலாம்பரியும் இல்லை. எல்லாப் பூசைக்கும் ஒரே டமடம. மேளக்காரருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை என்பது நிர்வாகத்தின் பக்கம். கல்யாண சீசனில் நாலு முகூர்த்தம் கிடைத்தால்தான் வருஷம் ஓடும் என்பது கலைஞரின் பக்கம். இரண்டும் உண்மைதான். மூன்றாவதாக ஒரு பக்கம் உண்டு. அது நம்முடையது. வாசிப்பவர் வந்தாலும் அந்த நேரத்தில் கேட்க யார் போகிறோம்? காலை ஐந்தரை மணிப் பூபாளத்தை மத்தியானம் செல்போனில் கேட்டுவிட்டு அருமை என்கிறோம். ராகம் அதேதான். பொழுது இல்லை.

நியூயார்க்கில் டிக்கெட் வாங்கி, குளிரில் வரிசையில் நின்று வந்தவர்கள் இருந்ததால்தான் அந்தக் கச்சேரி வருஷா வருஷம் தொடர்ந்தது. இதை நம்மூரில் செய்யப் பெரிய பணம் தேவையில்லை. சித்திரை பிறக்கும் முந்தின இரவு ஓர் ஓதுவார் சீகாமரத்தில் பதிகத்தைப் பாடட்டும். விடியற்காலை ஒரு செட் நாகசுரம், தவில் வந்து பூபாளத்தில் தொடங்கட்டும். கதிர் உள்ளே வரும்வரை வாசிக்கட்டும். சக ஓய்வூதியக்காரர்கள் பத்துப் பேர் ஆளுக்கு ஐந்நூறு போட்டால் ஐயாயிரம் ஆகிறது. சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது. வர விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கோயிலில் கேட்டு அனுமதி வாங்குவோம்.