பலாங்கொடைக் கறுப்புக் கல்லும் காட்மியப் படிகமும்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வழியே மலையைக் கடந்து இறங்கினால் பலாங்கொடை. அந்தப் பக்கம் இரத்தினக்கல் தேடி மண் அரிப்பவர்களுக்குச் சின்னஞ்சிறு கறுப்புக் கனசதுரங்களும் அகப்படும். உருவத்துக்கு மீறிய கனம். இலங்கைக் கனிம ஆய்வுத்துறையின் இயக்குநராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, பின்னாளில் கலை வரலாற்றறிஞராக நாம் போற்றும் அதே குமாரசுவாமிதான், 1904-இல் அவற்றை யுரேனியக் கனிமம் என்று விவரித்தார். லண்டனில் வின்தம் டன்ஸ்டன் சோதித்தபோது அவற்றில் பெரும்பகுதி தோரியம் என்று தெரிந்தது. தோரியனைட் என்று பெயரிட்டார்.

அந்தக் கல்லை, இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில், அரிய அணுச் சிதைவைத் தேடிய அரோரா சோதனையில் வைத்திருந்த காட்மியம் டங்ஸ்டேட் படிகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டிலுமே சிதையும் அணு அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. சிதைவைச் சொல்லும் விதம்தான் வேறு.

கல் சேர்த்து வைக்கிறது. தோரியம் சிதையும்போது பிறக்கும் ஹீலியம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். ஒரு கிராம் கல்லில் ஏறக்குறைய 9 கன சென்டிமீட்டர். இருப்பையும் ஆண்டுக்கு ஊறும் அளவையும் கொண்டு ராபர்ட் ஸ்ட்ரட் 1910 வாக்கில் கல்லின் வயதைக் கணக்கிட்டார்: 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல். மாலையில் கொழுந்துக் கூடையை நிறுத்து நாள் வேலையை அறிவது போன்றது இது. வழியில் சிந்தியது நிறுவையில் வராது. ஹீலியமும் கசியும். அதனால்தான் அவர் சொன்னது குறைந்தபட்ச வயது.

படிகம் எதையும் சேர்ப்பதில்லை. அணு சிதைந்த கணமே ஒளிர்கிறது. ஒளிபெருக்கிக் குழாய் அந்த மினுக்கத்தை மின்துடிப்பாக்குகிறது. காட்மியம்-116 இரட்டை பீட்டா சிதைவில் பாதியாகக் குறையச் சுமார் 2.6 லட்சம் கோடி கோடி ஆண்டுகள் ஆகும். தோரியத்தின் 1,400 கோடி ஆண்டு அரைவாழ்வைப் போல ஏறத்தாழ 190 கோடி மடங்கு! அவ்வளவு அரிய நிகழ்வையும் ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணுவதால், என் மதிப்பில் படிகமே மேலான சாட்சி.

ஆனால் அந்தச் சாட்சியைக் குழப்புவது கல்லின் உறவுதான். வேதியியலாளர் ராம்சேயின் லண்டன் ஆய்வகத்தில் 1905-இல் ஓட்டோ ஹான் இந்த இலங்கைக் கனிமத்திலிருந்து ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். இன்று அதற்குத் தோரியம்-228 என்று பெயர். ஹானுக்குப் புகழ் தந்த அதே அணு, அரோரா படிகத்தில் நுண்ணிய மாசு. அதன் வழித்தோன்றலான ரேடான்-220 சிதைந்து ஒரு மினுக்கம் தரும்; பிறக்கும் பொலோனியம்-216 பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் இன்னொன்று தரும். இந்த இரட்டை மினுக்கத்தை வைத்து மாசின் அளவை அறிகிறார்கள். படிகத்தை உருக்கி மறுபடி வளர்த்தபோது அது சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. காட்மியத்தின் இரட்டை பீட்டா சிதைவில் நியூட்ரினோ வெளிவராத வகையையும் தேடினார்கள்; அது அரோராவில் தென்படவில்லை. அதன் அரைவாழ்வு 220 கோடி கோடி கோடி ஆண்டுகளுக்குக் குறையாது என்று எல்லை மட்டும் வகுத்தார்கள். அதற்கு மேல் தேடவிடாமல் தடுத்தவற்றில் மிஞ்சிய தோரியம்-228-உம் ஒன்று.