கடலடியில் ஈயம் தேடிய ஊர்

விடுமுறை என்றதும் நம்மவர் மனம் கடற்கரையை நாடுவது இயல்பே. ஆயினும், ஓர் ஆசிரியர் தேர்ந்தெடுக்கும் கடற்கரை அலையையும் மணலையும் மட்டும் காட்டினால் போதாது. அங்கு உழைத்து வாழ்ந்தோரின் வரலாற்றையும் அது கூற வேண்டும். அத்தகைய ஊர் ஒன்றில் மூன்று நாள் தங்கிவர எண்ணியுள்ளேன். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலின் செயிண்ட் ஜஸ்ட் என்பதே அவ்வூர்.

அவ்வளவு தொலைவு செல்வானேன் எனச் சிலர் வினவக்கூடும். நான் கிந்தாப் பள்ளத்தாக்கில் பிறந்தவன். என் தந்தையார் ஈயக்கப்பல் ஒன்றில் இயந்திரங்களுக்கு எண்ணெயிடும் தொழிலாளராக இருந்தார். 1986ஆம் ஆண்டு அவருக்கு வேலை போயிற்று. காரணம் கேட்டபோது, "எங்கோ லண்டனில் விலை விழுந்துவிட்டதாம், தம்பி" என்பதற்குமேல் அவரால் சொல்ல இயலவில்லை. பதின்ம வயதில் என்னுள் விழுந்த அந்த வினாவே இப்பயணத்தின் வித்து.

நாம் ஈயம் என வழங்கும் வெள்ளீயத்தைக் கார்ன்வால் மக்கள் பன்னெடுங்காலமாகத் தோண்டி வந்துள்ளனர். செயிண்ட் ஜஸ்ட் வட்டாரத்தில் ஈயமும் செம்பும் கொண்ட பாறைப் படிவங்கள் நிலத்தோடு நிற்கவில்லை. கடலுக்கடியிலும் நீண்டு சென்றன. தொழிலாளரும் அவற்றைத் தொடர்ந்து கடலடிக்கே சென்றனர். லெவண்ட் சுரங்கத்தின் வழிகள் கடலுக்கடியில் ஒரு மைலுக்கும் மேலாக நீண்டிருந்தன. தலைக்கு மேலே பாறை, அதற்கும் மேலே பெருங்கடல்! நம் நாட்டில் வண்டல் நிலத்தை வாரி ஈயம் எடுத்தோர்க்கு இது வியப்பளிக்கும் செய்தியன்றோ?

பயணத் திட்டத்தைக் கூறுவேன். லண்டனின் பேடிங்டன் நிலையத்திலிருந்து பென்சான்ஸ் வரை இரயிலில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம்; அங்கிருந்து ஏழு மைல் பேருந்துப் பயணம். ஆண்டிறுதியில் அங்குக் குளிரும் புயற்காற்றும் மிகுதியாதலின் கோடைத் திங்கள்களே ஏற்றவை.

முதல் நாள் கார்ன்வால் முனையைக் கண்டபின், கடலோர நடைபாதை வழியே போட்டலாக் செல்லலாம். அங்குச் செங்குத்தான பாறையின் அடிப்பகுதியில், அலைகளுக்குச் சற்று மேலே, இரண்டு பழைய இயந்திரக் கட்டடங்கள் நிற்கின்றன. 1865ஆம் ஆண்டு வேல்ஸ் இளவரசர் தம் துணைவியாருடன் வந்து இச்சுரங்கத்துள் இறங்கிப் பார்த்தார். அதற்கு இரண்டாண்டு முன்னர், அதே சுரங்கத்தில் சங்கிலி அறுந்து எட்டு ஆடவரும் ஒரு சிறுவனும் மாண்டனர். இளவரசர் வருகையைக் கூறும் வரலாறு, அச்சிறுவனையும் மறத்தலாகாது.

இரண்டாம் நாள் லெவண்ட். மேலும் கீழும் அசையும் நெடிய மரத்தண்டில் படிகளைப் பொருத்தி, தொழிலாளர் படிப்படியாய்த் தாவி ஏறி இறங்க ஓர் ஏற்பாடு அங்கிருந்தது. 1919 அக்டோபர் 20ஆம் நாள், வேலை முடிந்து பலர் ஏறி வருகையில் அத்தண்டின் இணைப்பு முறிந்தது. 31 பேர் உயிரிழந்தனர். சுரங்கத்தின் மேற்பரப்பில் பெண்கள் சம்மட்டியால் தாதுக்கற்களை உடைத்துப் பிழைத்த காலமும் உண்டு. கிந்தாவில் துலாங் தட்டேந்தி, ஆற்றில் குனிந்து நின்ற பெண்களை அவர்கள் எனக்கு நினைவூட்டுகின்றனர்.

மூன்றாம் நாள் கீவர். என் தந்தையாரின் வினாவுக்கு விடை கிடைக்குமிடம் இதுவே. 1956 முதல் இயங்கிய அனைத்துலக ஈய மன்றம், சேமிப்புக் கையிருப்பின் வழி ஈய விலையைத் தாங்கி வந்தது. மன்றத்தில் சேராத பிரேசில் பெருமளவில் ஈயம் விற்றது. குவளைகளுக்கு அலுமினியம் பயன்படலாயிற்று. தேவை குறைய, மன்றம் கடன் வாங்கி ஈயம் வாங்கியது. 1985 அக்டோபர் 24ஆம் நாள் அதன் பணம் தீர்ந்தது. லண்டன் சந்தையில் ஈய வாணிகம் நின்றது. விலை ஏறத்தாழப் பாதியாய் வீழ்ந்தது. கிந்தாவில் சுரங்கங்கள் வரிசையாய் மூடப்பட்டன. கீவரும் தள்ளாடி 1990இல் மூடியது. தோலின் நிறமும் பேசும் மொழியும் வேறாயினும், ஒரே அடி இரு கரைகளிலும் விழுந்தது. கிந்தாவில் ஈயம் எடுத்த கோப்பெங் நிறுவனம் கார்ன்வாலின் ரெட்ரூத் நகரில் தலைமையிடம் கொண்டிருந்தது என்பதையும் இங்கு எண்ணுதல் தகும். ஆதாயம் அங்குச் சென்ற காலமும் உண்டு; துன்பத்திலோ இருவரும் பங்காளிகள்.

ஆயின், அதன் பின்னர் நிகழ்ந்ததில் வேறுபாடு உண்டு. லெவண்ட் 1930இல் மூடப்பட்டது. அங்கு 1840இல் அமைத்த நீராவி இயந்திரத்தைக் காக்க 1935இலேயே ஆர்வலர் ஒரு குழு அமைத்தனர். பின்வந்தோர் 1990களில் அதை மீண்டும் இயங்கச் செய்தனர். கீவர் 1993இல் அருங்காட்சியகமாயிற்று. தொழிலாளர் உடைமாற்றும் அறை, அவர்கள் விட்டுச் சென்றவாறே பேணப்படுகிறது. 2006இல் கார்ன்வால் சுரங்க நிலப்பகுதி உலக மரபுடைமையாய் அறிவிக்கப்பட்டது.

நம்மிடமோ, தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய ஈயக்கப்பல் ஒன்று காட்சிக்கு நிற்கிறது. இரும்பைக் காத்தோம், அதில் உழைத்தோர் சொல்லைக் காத்தோமா? என் தந்தையார் மறைந்துவிட்டார். அவர் கப்பலின் ஒலியைப் பற்றிக் கூறியவற்றை நான் எழுதி வைக்கவில்லை, அக்குறை என்னுடையதே.

ஆதலின், ஆசிரிய நண்பர்களே, மாணவச் செல்வங்களே! செயிண்ட் ஜஸ்ட் செல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் அமையாது. ஆனால், விடுமுறையில் பாட்டனார், பாட்டியார் அருகில் ஒரு குறிப்பேட்டுடன் அமரும் வாய்ப்பு யாவர்க்கும் உண்டு. அவர்கள் என்ன வேலை செய்தார்கள், என்ன கூலி பெற்றார்கள், எதற்கு அஞ்சினார்கள் எனக் கேட்டு எழுதுங்கள். நம் வரலாற்றின் முதல் ஏடு அங்கிருந்தே தொடங்கும்.