தேறுமா, தேறாதா?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: இது குடிக்கச் சொல்ற பதிவு இல்லை. குடி குடியைக் கெடுக்கும். இங்கே சரித்திரம் மட்டும்தான் :-)

போன மாசம் திருக்கோகர்ணத்துல எங்க பழைய வீட்டுப் பரணை ஒழிச்சப்போ, பெரியப்பாவோட டிரங்குப் பெட்டிக்குள்ள வேட்டியில சுத்தின ஒரு பாட்டில் கிடைச்சுது. கறுப்புன்னே சொல்லலாம், அவ்வளவு அடர்த்தியான பழுப்புக் கண்ணாடி. லேபிளைப் பூச்சி அரிச்சு, ஒரு நாய்த்தலை பாதி மட்டும் மிச்சம். மூடியெல்லாம் துரு. பெரியப்பா மலேயாவுல வேலை பார்த்துட்டு 1961ல ஊர் திரும்பினவர்.

அண்ணன் (பெரியப்பா மகன்) உடனே முடிவு பண்ணிட்டார். "பழசாக ஆகத்தான்டா சரக்குக்கு மதிப்பு. அப்பா நினைவு நாளுக்குப் படையல்ல வெச்சுட்டு ஆளுக்கு ஒரு வாய் பாத்துருவோம்."

எனக்கு ரெண்டு கேள்வி இருந்தது. இதுக்கு வயசு என்ன? இதைக் குடிக்கலாமா? முதல் கேள்விக்கு விடை கிடைச்சா ரெண்டாவதுக்கும் கிடைச்ச மாதிரின்னு அண்ணன் நினைச்சார். அங்கேதான் சறுக்கல்.

வயசை முதல்ல பார்ப்போம். புதுக்கோட்டைக்காரங்களுக்கு அம்மன் காசு தெரியும். ஒரு பக்கம் நம்ம பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்குல 'விஜய'. வருஷம் கிடையாது. அந்த மாதிரி பொருளுக்கு வயசு சொல்ல, அது எப்படிச் செஞ்சது, எங்கே எதோட கிடைச்சதுன்னு ரெண்டையும் பார்க்கணும். பாட்டிலுக்கும் அதே கதைதான்.

சோடா மூடி மாதிரி நெளிநெளியா இருக்கே, அந்த மூடிக்கு வில்லியம் பெயின்டர்ங்கிற அமெரிக்கர் காப்புரிமை வாங்கினது 1892ல. பாட்டிலோட ஓரத்துக் கோடு வாய் விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தா அது மெஷின்ல வார்த்தது, அதாவது 1903க்குப் பிந்தினது. நாய்த்தலை, லண்டன் ரீட் பிரதர்ஸோட முத்திரை. கின்னஸ் ஸ்டவுட்டை பாட்டில்ல அடைச்சு நம்ம பக்கமெல்லாம் அனுப்பினவங்க. மலேசியாவுலயே கின்னஸ் காய்ச்ச ஆரம்பிச்சது 1960களின் நடுவுலதான். பெரியப்பா திரும்பின வருஷத்தையும் சேர்த்தா, பாட்டில் 1961க்கு முந்தினது. குறைஞ்சது 60 வயசு!

சரி, குடிக்கலாமா?

அந்தக் காலத்து பீர் பலதுல பாட்டிலை மூடும்போது உள்ளே ஈஸ்ட் உயிரோட இருக்கும். மிச்சமிருக்கிற சர்க்கரையைத் தின்னு வாயுவை உண்டாக்கும், உள்ளே மாட்டின ஆக்சிஜனையும் இழுத்துக்கும், அப்புறம் மண்டியா அடியில தங்கிடும். இதோட ஹாப்ஸ் கசப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தாத்தான் பீர் தாக்குப்பிடிக்கும். ஹாட்சன் கம்பெனி பீர் லண்டன்ல கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுத்திக்கிட்டு மாசக்கணக்குல பயணம் பண்ணி இந்தியா வந்து சேர்ந்ததும் இந்த மாதிரி பலத்துலதான்.

ஆனா எல்லாமே தாக்குப்பிடிக்கிறதில்லை. 1869ல இங்கிலாந்தோட பர்ட்டன் நகரத்துல காய்ச்சின ராட்க்ளிஃப் ஏல் பாட்டில்கள் 2006ல ஒரு நிலவறையில கிடைச்சுது. ருசி பார்த்தவங்க நல்லாவே இருக்குன்னாங்க. பலமான பீர், குளிர்ந்த இருட்டு. 2010ல பால்டிக் கடலடியில, 1840கள்ல முழுகின கப்பல்லருந்து எடுத்த பீரோ புளிச்சு, கடல்தண்ணி கலந்து கெட்டுப்போயிருந்தது. ஆக, வயசு மட்டும் காப்பாத்தாது. வெச்ச இடமும் மூடியும் காப்பாத்தணும்.

நம்ம பாட்டிலை டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கழுத்து வரைக்கும் இருக்க வேண்டிய பீர் மூணு விரக்கடை இறங்கியிருந்தது. அப்படின்னா மூடி வழியா வாயு வெளியே போயிருக்கு, காத்து உள்ளே வந்திருக்கு. ஆட்டாம அசைக்காம வெச்சும் மண்டி படியாம கலங்கலாவே நின்னுது. போதாக்குறைக்கு 60 கோடை நம்ம ஊர் ஓட்டு வீட்டுப் பரண்ல. மே மாசம் அங்கே கை வைக்க முடியாது.

"விஷமாகியிருக்குமோ?"ன்னார் அண்ணன். பீர் பழசானதால மெத்தனால் ஆகிடாது. கள்ளக்குறிச்சியில 2024 ஜூன்ல 60க்கும் மேற்பட்ட உயிரைக் குடிச்சது மெத்தனால் கலந்த சாராயம். ஆனா அடைப்பு போன பாட்டிலுக்குள்ள என்ன இறங்கியிருக்குன்னு சத்தியம் பண்ண முடியாது. உள்ளே அழுத்தம் மிச்சமிருந்தா பழைய கண்ணாடி கையிலயே வெடிக்கலாம். அதனால, சந்தேகம் வந்தா வாயில வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

நம்ம முன்னோர்களுக்கு இந்தப் பரீட்சை புதுசில்லைங்க. சங்கப் பாட்டுகள்ல மூங்கில் குழாய்ல அடைச்சு நாள்பட வெச்ச கள் வரும். அதுக்குத் 'தேறல்'னு பேரு. மண்டி அடங்கித் தெளிஞ்சது, தேறினது. பரீட்சையில தேறுறதும் நோயிலருந்து தேறுறதும் அதே சொல்தான்.

கடைசியில தீர்ப்பு சொன்னது பெரியம்மா. "கூட வேலை பாத்த சிநேகிதரு வந்தா சேந்து குடிக்கணும்னு வெச்சிருந்தாருப்பா. அவரு கடைசி வரைக்கும் வரல. உடைச்சுப் படையல்ல வைங்க. நீங்க யாரும் வாயில வைக்காதீங்க."

நினைவு நாளன்னிக்குத் துண்டைச் சுத்திப் பிடிச்சு அண்ணன் திறந்தார். 'புஸ்'னு சத்தமே வரல. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம், அப்புறம் சோயா சாஸ் வாசம். மூடியைத் திருப்பிப் பார்த்தா, உள்பக்கம் வட்டமா தக்கை. 1960கள்ல பிளாஸ்டிக் வந்து தக்கையை ஒழிச்சதுக்கு முந்தின மூடி. நான் கணக்குப் போட்ட வயசுக்குச் சரியா பொருந்திச்சு. ஆனா அதைத் தெரிஞ்சுக்க பாட்டிலைத் திறக்க வேண்டியிருந்தது.

ரெண்டு டம்ளர்ல ஊத்திப் படையல்ல வெச்சோம். ஒண்ணு பெரியப்பாவுக்கு, இன்னொண்ணு வராத சிநேகிதருக்கு. சாயங்காலம் தென்னை மரத்தடியில கொட்டிட்டோம். மூடி மட்டும் இப்ப என் மேஜை மேல இருக்கு.

வயசுல தேறிடுச்சு. குடிக்கத்தான் தேறல.