மனிதப் பால்குறி நிறப்புரிகளின் படிவளர்ச்சி

மனிதப் பால்குறி நிறப்புரிகளின் படிவளர்ச்சி என்பது மனித உயிரணுக்களில் உள்ள எக்ஸ், ஒய் என்னும் இரு நிறப்புரிகளும் ஒத்த அமைப்புடைய ஓர் இணையிலிருந்து பல கோடி ஆண்டுகளில் வேறுபட்டு வந்த வரலாற்றைக் குறிக்கும். குரோமோசோம் என்று பரவலாக அறியப்படும் நிறப்புரிகள் மனிதரில் 23 இணைகளாக உள்ளன. இவற்றுள் 22 இணைகள் இரு பாலாருக்கும் பொதுவானவை. எஞ்சிய இணை பெண்களில் இரண்டு எக்ஸ் நிறப்புரிகளாகவும், ஆண்களில் ஓர் எக்ஸ், ஓர் ஒய் ஆகவும் அமைந்துள்ளது. எக்ஸ் ஏறத்தாழ 15.4 கோடி கார இணைகள் நீளமுடையது. புரதங்களுக்குரிய 800-க்கும் மேற்பட்ட மரபணுக்களைக் கொண்டது. ஒய்யின் நீளம் ஏறத்தாழ 6.2 கோடி கார இணைகள் மட்டுமே. 2023-இல் முதன்முறையாக முழுமையாகப் படித்தறியப்பட்ட ஒய்யில் இத்தகைய மரபணுக்கள் 106 காணப்பட்டன. அவற்றுள்ளும் பல, ஒரே மரபணுவின் படிகளே.

தாயின் கருமுட்டை எப்போதும் எக்ஸ் நிறப்புரியையே கொண்டிருக்கும். தந்தையின் விந்தணு எக்ஸ், ஒய் இரண்டில் எதையும் கொண்டிருக்கலாம். எனவே குழந்தை ஆணா பெண்ணா என்பதற்குத் தாயைப் பொறுப்பாக்கும் வழக்கத்திற்கு உயிரியல் அடிப்படை ஏதும் இல்லை.

கண்டறிந்த வரலாறு

1905-இல் அமெரிக்க ஆய்வாளர் நெட்டி இசுட்டீவன்சு, மாவுப்புழு வண்டுகளின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். பெண் வண்டில் 20 பெரிய நிறப்புரிகளும், ஆண் வண்டில் 19 பெரியனவும் ஒரு சிறியதும் இருப்பதைக் கண்டு, அச்சிறிய நிறப்புரியே பாலைத் தீர்மானிக்கிறது என முடிவு செய்தார். அதே காலத்தில் எட்மண்டு வில்சனும் தனியாக இதையொத்த முடிவை எட்டினார். பாடநூல்கள் நெடுங்காலம் வில்சனின் பெயரையே முன்னிறுத்தின. இரு நிறப்புரிகளும் ஒரு பொது இணையிலிருந்து தோன்றியவை என்னும் கருத்தைச் சுசுமு ஓனோ 1967-இல் வெளியிட்ட நூலில் விரிவாக முன்வைத்தார்.

தோற்றம்

ஆமைகள், முதலைகள் முதலிய பல ஊர்வனவற்றில் முட்டை அடைகாக்கப்படும் வெப்பநிலையே குஞ்சின் பாலைத் தீர்மானிக்கிறது. பாலூட்டிகளில் இப்பணியைச் செய்வது எஸ்.ஆர்.ஒய். என்னும் மரபணுவாகும். இது 1990-இல் இலண்டனில் அடையாளம் காணப்பட்டது. மறு ஆண்டில், இரண்டு எக்ஸ் கொண்ட எலிக்கருவில் இம்மரபணு இருந்த சிறு துண்டைச் செலுத்தியபோது அது ஆணாக வளர்ந்தது. எக்ஸ் நிறப்புரியில் இன்றும் உள்ள சாக்ஸ் 3 என்னும் மரபணுவின் மாறிய வடிவமே எஸ்.ஆர்.ஒய். எனக் கருதப்படுகிறது.

இம்மாற்றம் நிகழ்ந்த காலத்தைக் கணிக்க முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபசு உதவியது. அதன் ஐந்து எக்ஸ், ஐந்து ஒய் நிறப்புரிகள் பறவைகளின் பால்குறி நிறப்புரியை ஒத்துள்ளனவே அன்றி மனித எக்ஸை ஒத்திருக்கவில்லை என்பது 2008-இல் தெளிவாயிற்று. ஆகவே மனிதருக்குரிய இணை, முட்டையிடும் பாலூட்டிகள் பிரிந்து சென்ற பின்னரே உருவாகியிருக்க வேண்டும். 2014-இல் வெளிவந்த கணிப்பு இதனை ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகள் என்கிறது. முந்தைய கணிப்புகள் 24 முதல் 32 கோடி ஆண்டுகள் என இருந்தன.

அடுக்குகள்

இனப்பெருக்க உயிரணுக்கள் உருவாகும்போது ஓர் இணையின் இரு நிறப்புரிகளும் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இதனால் ஒன்றில் ஏற்படும் பழுதை விலக்கிய நல்ல சேர்க்கைகள் உருவாக வாய்ப்புண்டு. ஒய்யின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பிவிட்டால் அப்பகுதி எக்ஸுடன் பொருந்தாது, பரிமாற்றம் நின்றுவிடும். அதன்பின் பழுதுகள் தலைமுறைதோறும் சேர்ந்து, மரபணுக்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும்.

இத்திருப்பம் ஒரே முறையில் நிகழவில்லை. 1999-இல் புரூசு லானும் டேவிடு பேச்சும் இரு நிறப்புரிகளிலும் எஞ்சியுள்ள 19 மரபணு இணைகளை ஒப்பிட்டனர். எக்ஸின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லச் செல்ல வேறுபாட்டின் அளவு நான்கு படிகளாகக் குறைந்தது. நிலத்தின் பாறை அடுக்குகளைப் போல இவை நான்கு வெவ்வேறு காலங்களைக் காட்டுகின்றன என அவர்கள் விளக்கினர். இளைய அடுக்கு 3 முதல் 5 கோடி ஆண்டுகள் பழமையானது. இரு முனைகளிலும் உள்ள சிறு பகுதிகள் மட்டும் இன்றும் ஒத்துள்ளன; பெரிய பகுதியில் பரிமாற்றம் தவறாது நிகழ்கிறது. அதன் எல்லைக்கு அருகிலேயே எஸ்.ஆர்.ஒய். அமைந்திருப்பதால், மிக அரிதாக அது எக்ஸுக்குத் தாவிவிடுவதும் உண்டு. அவ்வாறு பிறப்போர் இரண்டு எக்ஸ் கொண்ட ஆண்களாவர்.

ஒய் மரபணுக்களை இழந்ததன் விளைவு எக்ஸிலும் தெரிகிறது. பெண்களின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஓர் எக்ஸ் பெருமளவு செயலற்றதாக்கப்படுகிறது என்பதை மேரி இலயன் 1961-இல் எடுத்துரைத்தார். ஆண்களிடம் ஒரே எக்ஸ் இருப்பதால், அதிலுள்ள பழுதை ஈடுசெய்ய மாற்றுப்படி இல்லை. குருதி உறையாமை நோயும் சிவப்பு-பச்சை நிறக்குருடும் ஆண்களிடம் மிகுந்து காணப்படுவது இதனாலேயே.

ஒய் மறைந்துவிடுமா?

இழப்பு இதே வேகத்தில் தொடர்ந்தால் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளில் ஒய் மறைந்துவிடும் என்று 2002-இல் ஆத்திரேலிய அறிவியலாளர் செனிபர் கிரேவ்சு கருத்துரைத்தார். இச்செய்தி நாளிதழ்களில் ஆண்களே அழிந்துவிடுவர் என்பது போல வெளிவந்தது. அவர் கூறியது அதுவன்று.

மறுதரப்புச் சான்றுகளும் வலுவானவை. 2003-இல் பேச்சின் குழு ஒய்யில் எட்டுப் பெரும் மாலைமாற்று அமைப்புகளைக் கண்டது. விகடகவி என்னும் சொல்லைப் போல, இவற்றின் ஒரு பாதி மறுபாதியின் எதிர்த்திசைப் படியாகும். ஒரு பாதி பழுதுற்றால் மறுபாதியைப் பார்த்துத் திருத்திக்கொள்ள இயலும். துணையற்ற நிறப்புரி தனக்குத் தானே துணையாகும் இவ்வமைப்பு விந்தணு உற்பத்திக்குரிய மரபணுக்களைக் காக்கிறது. ஆனால் இதே அமைப்பில் துண்டுகள் உதிர்ந்துவிடுவதும் எளிது. ஆண்மலட்டுத் தன்மைக்கு அது ஒரு காரணமாகும். 2012-இல் செம்முகக் குரங்கின் ஒய்யுடன் ஒப்பிட்டபோது, கடந்த 2.5 கோடி ஆண்டுகளில் மனித ஒய் தன் பழைய மரபணுக்களில் ஒன்றை மட்டுமே இழந்திருப்பது தெரியவந்தது. இழப்பு தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மிக மெதுவாகவும் நிகழ்ந்துள்ளது. எனவே அதனை நேர்கோட்டு வேகமாகக் கொண்டு நாள் குறிப்பது பொருந்தாது.

ஒய் இல்லாத பாலூட்டிகளும் வாழ்கின்றன. சப்பானின் அமாமி ஓசிமா தீவிலுள்ள முள்ளெலியில் இரு பாலும் ஒரே ஓர் எக்ஸ் மட்டுமே கொண்டவை, எஸ்.ஆர்.ஒய். மரபணுவும் இல்லை. சாக்ஸ் 9 மரபணுவின் அருகே ஏறத்தாழ 17,000 கார இணைகள் கொண்ட ஒரு துண்டு இரட்டித்திருப்பது ஆண் எலிகளிடம் மட்டும் காணப்படுவதை அசாடோ குரோய்வாவின் குழு 2022-இல் வெளியிட்டது. அத்துண்டே அவ்வினத்தில் எஸ்.ஆர்.ஒய்.யின் பணியை ஏற்றுள்ளதாகக் கருதப்படுகிறது.